தனியாளின் ஞாயிறு: ஆராதனைக்கு நன்றாக உடுத்திக் கிளம்ப ஒரு முழுமையான வழிகாட்டி

மூன்று வருடத்துக்கு முன்னால், ஈஸ்டர் கழிந்த அடுத்த ஞாயிறு. தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊருக்குப் போயிருந்தேன். இளம்பச்சைக் காட்டன் சேலை, கஞ்சி போட்டு மொடமொடவென்று தேய்த்தது. காதில் ஒற்றைக்கல் கம்மல். அவ்வளவுதான். கோயில் வாசலில் செருப்பைக் கழற்றும்போது சொந்தக்காரச் சித்தி ஒருவர் தோளைத் தொட்டு, “என்னட்டி, பளபளன்னு வந்திருக்க? யாரும் பொண்ணு பாக்க வாராங்களா?” என்றார். அன்பாகத்தான் கேட்டார். ஆனால் அன்று பிரசங்கத்தில் ஒரு வார்த்தை காதில் ஏறவில்லை. முந்தானையை இழுத்து இழுத்து மூடிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

எனக்கு 37 வயது. சென்னையில் ஆசிரியை. பெண்கள் விடுதியில் தங்கியிருக்கிறேன். கல்யாணமாகாத ஒருவர் நன்றாக உடுத்தி வந்தால் ‘யாருக்காக’ என்று ஒரு கேள்வி வரும். ஏனோதானோவென்று வந்தால் ‘பாவம், கவனிக்க ஆளில்லை’ என்று ஒரு பேச்சு வரும். இரண்டையும் நான் வாங்கியிருக்கிறேன். இரண்டுமே நம்மைப் பாதி ஆளாகப் பார்க்கிற பார்வை. நாம் திடப்படுத்தல் (விசுவாசத்தை நம் வாயால் அறிக்கையிட்டு சபையில் உறுதிப்படும் சடங்கு) எடுத்து, அப்பமும் ரசமும் பகிரும் திருவிருந்தில் பங்கெடுத்து, சந்தா கட்டி, காணிக்கை போடுகிற முழு அங்கத்தினர்கள். குடும்பமாக வருகிறவர்களைப் போலவே நாமும் ஒரு வீட்டிலிருந்துதான் கோயிலுக்கு வருகிறோம். அந்த வீட்டில் ஆள் ஒன்று, வித்தியாசம் அது மட்டும்தான். அந்த நினைப்போடு உடுத்த வேண்டும் என்பதுதான் நான் சொல்ல வந்தது.

இதில் ஒரு நடைமுறைச் சிக்கலும் உண்டு. தனியாக இருக்கிறவருக்கு, “பின்னால உள்பாவாடை தெரியுது”, “காலர் மடங்கியிருக்கு” என்று சொல்ல வீட்டில் ஆள் கிடையாது. கொசுவம் பிடித்துவிட, தோளில் பின் குத்திவிட ஒரு கை கிடையாது. அதனால் அந்த வேலைகளையும் சேர்த்தேதான் இந்தப் படிகளை எழுதுகிறேன்.

முதல் படி: உங்கள் சபையின் வழக்கத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்

நான் தென்னிந்தியத் திருச்சபை. 1947 செப்டம்பர் 27-ல் சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் பல சபைகள் சேர்ந்து உண்டான திருச்சபை இது. அதனால் இதற்குள்ளேயே ஊருக்கு ஊர் வழக்கம் மாறும். எங்கள் ஊரில் செருப்பு வாசலோடு சரி, முன்பாதியில் பாயில்தான் உட்காருவோம். சென்னையில் நான் போகும் கோயிலில் பெஞ்சு, முழங்கால் போட மெத்தைப் பலகை, செருப்போடு உள்ளே போகலாம். திருவிருந்துக்குப் போகும்போது பெண்கள் தலையில் முந்தானை போடுவது ஊரில் எழுதாத சட்டம். நகரத்தில் பாதிப்பேர் போடுவார்கள், பாதிப்பேர் போடமாட்டார்கள்.

கத்தோலிக்கத் தோழியோடு திருப்பலிக்குப் போனால் பூ, பொட்டு எல்லாம் சகஜமாக இருக்கும். இலங்கையில் தொடங்கி, சி.பி.எம். என்று நம் ஜனங்கள் சொல்லும் பெந்தெகொஸ்தே சபைக்குப் போனால் பெரும்பாலும் வெள்ளை உடை, நகை கிடையாது, தரையில் உட்கார வேண்டும். அங்கே கலர்ச் சேலையோடு போனால் யாரும் வெளியே அனுப்பமாட்டார்கள். ஆனாலும் வெளிர்நிறத்தில் எளிமையாகப் போவது அந்த ஜனங்களுக்கு நாம் காட்டும் மரியாதை.

புதுச் சபைக்கு முதல்முறை போகிறீர்களா? அங்கே போகிற ஒருவரிடம் முந்தின நாளே மூன்று கேள்வி கேட்டுவிடுங்கள். செருப்பு உள்ளேயா வெளியேயா, உட்காருவது தரையிலா பெஞ்சிலா, பெண்கள் தலைக்கு முக்காடு போடுவார்களா. கேட்க ஆளில்லையென்றால் கழற்றச் சுலபமான செருப்பு, கால் மடக்கி உட்கார இடம் கொடுக்கும் தளர்வான உடை, பையில் ஒரு துப்பட்டா. எந்தச் சபைக்கும் இது பொருந்தும்.

இரண்டாம் படி: நாலு ஜோடி போதும்

கோயிலுக்கென்று நாலு ஜோடியைத் தனியாக எடுத்து வையுங்கள். மாதத்தில் நாலு ஞாயிறு, சில மாதம் ஐந்து. சுற்றுக்கு அது சரியாக வரும். எங்கள் சபையில் மாத முதல் ஞாயிறு திருவிருந்து, அன்றைக்கென்று வெளிர்நிறத்தில் ஒன்று வைத்திருக்கிறேன். மற்ற மூன்றும் உங்கள் விருப்பம். அலுவலகத்துக்குப் போடுவதையே கோயிலுக்கும் போடலாமா என்று கேட்பார்கள். போடலாம். ஆனால் தனியாக ஒதுக்கி வைத்தால் சனிக்கிழமை ராத்திரி “எல்லாம் அழுக்குக் கூடையில் கிடக்கே” என்ற நிலை வராது.

ஆண்களுக்கு: முழுக்கை வெள்ளைச் சட்டை இரண்டு, வெளிர்நீலமோ சந்தன நிறமோ ஒன்று, கருநீலப் பேன்ட் ஒன்று, வேட்டி ஒன்று. மாற்றி மாற்றிச் சேர்த்தால் நாலு ஜோடி வந்துவிடும். வேட்டியில் ஒரு விஷயம் கவனியுங்கள். 4 முழம் ஒற்றை வேட்டி வெளிச்சத்தில் உள்ளே காட்டும். கோயிலுக்கு 8 முழம் இரட்டை வேட்டிதான் சரி. கட்டிப் பழக்கமில்லையென்றால் ஒட்டும் பட்டை வைத்த வேட்டி வாங்கிக்கொள்ளுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. முழங்கால் போட்டு எழும்பும்போது அவிழ்ந்துவிடுமோ என்ற பயம் இல்லாமல் ஜெபிக்கலாம்.

பெண்களுக்கு: சேலையோ சுடிதாரோ, உங்களால் உதவியின்றி உடுத்த முடிகிறதா என்பதை முதலில் பாருங்கள். பின்பக்கம் ஹூக் வைத்த ஜாக்கெட் தனியாளுக்கு ஆகாது. முன் ஹூக் வைத்துத் தைக்கச் சொல்லுங்கள். கழுத்து எவ்வளவு இறங்கலாம், கை எவ்வளவு நீளம் என்று ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள். என் அளவுகோல், பாட்டுப் புத்தகத்தை எடுக்கக் குனியும்போது கை தானாக நெஞ்சுக்குப் போகக்கூடாது என்பதுதான். கை போனால் அந்தக் கழுத்து எனக்குச் சரியில்லை. வேறு எந்தக் கணக்கும் நான் பார்ப்பதில்லை.

இதைச் சொல்லும்போது இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம் பக்கத்தில் உடுத்திக்கொள்ளும் உரிமையே சும்மா வந்ததில்லை. 19-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் தென் திருவிதாங்கூரில், இன்றைய கன்னியாகுமரி மாவட்டப் பகுதியில், நாடார் பெண்கள் மேலாடையால் மார்பை மறைக்கத் தடை இருந்தது. மிஷன் பள்ளிகளையும் சபைகளையும் சேர்ந்த பெண்கள் குப்பாயம் என்ற சட்டையைப் போட்டு வெளியே வந்தபோது சந்தையில் அவர்கள் துணியைக் கிழித்தார்கள். 1859 ஜூலையில் உத்திரம் திருநாள் மகாராஜாவின் பிரகடனம் வந்தபிறகுதான் தடை விலகியது. அதுவும் உயர்சாதிப் பெண்களைப் போல உடுத்தக்கூடாது என்ற நிபந்தனையோடு. அந்தப் பாட்டிமாரின் பேத்திகள் நாம். கோயிலுக்கு நேர்த்தியாக உடுத்தி நிமிர்ந்து நடப்பதைப் பெருமை என்றும் உலகப்பிரகாரம் என்றும் யாராவது சொன்னால் எனக்கு மனசு வலிக்கும்.

நகைக்கு ஒரு வரி போதும்: நடக்கும்போதும் பாடும்போதும் சத்தம் போடாதது. யாக்கோபு நிருபத்தின் 2-ஆம் அதிகாரத்தில், பொன்மோதிரக்காரருக்கு நல்ல இடமும் கந்தைத்துணிக்காரருக்குத் தரையும் காட்டிய சபையைக் கண்டிக்கிறார். இல்லாதவர் பக்கத்தில் உட்காரும்போது அவர் கூச்சப்படாதபடி நாம் இருக்க வேண்டும் என்று அதை நான் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

மூன்றாம் படி: சனிக்கிழமை சாயங்காலம்

ஞாயிறு காலை எப்படி இருக்கும் என்பது சனிக்கிழமை 5 மணிக்கே முடிவாகிவிடும். 8 மணி ஆராதனைக்கு 7:15-க்குச் சேலையைத் தேடுகிறவர் முதல் பாட்டு முடிந்துதான் வந்து சேருவார். எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள். அப்புறம் எவ்வளவு நல்ல சேலையாக இருந்து என்ன?

கஞ்சி போடுவதிலிருந்து தொடங்குவோம். காட்டன் சேலைக்கு வடிகஞ்சியைப்போல ஒன்று கிடையாது. கெட்டிக் கஞ்சி ஒரு டம்ளர் எடுத்து, மெல்லிய துணியில் வடிகட்டுங்கள். ஒரு பருக்கை தப்பினாலும் சேலையில் வெள்ளைப் புள்ளியாகக் காய்ந்து நிற்கும். அரை வாளித் தண்ணீரில் கலக்கி, துவைத்துப் பிழிந்த சேலையை ஈரத்தோடு முக்கி, எல்லா இடமும் படும்படி புரட்டுங்கள். லேசாகப் பிழிந்து, உதறி, நிழலில் ஓரத்தை இழுத்துவிட்டுக் காயப்போடுங்கள். இதை வெள்ளிக்கிழமையே செய்துவிட்டால் சனிக்கிழமைக்குத் தேய்க்கும் வேலை மட்டும்தான் மிஞ்சும். விடுதியில் கஞ்சிக்கு எங்கே போவது என்றால் கடையில் கஞ்சிப்பொடி கிடைக்கிறது. பொடியைக் குறைத்தே போடுங்கள். அதிகமானால் சேலை பலகைபோல நிற்கும், மடிப்பு வெடித்தும்போகும்.

தேய்க்கும்போது காய்ந்த துணியில் பெட்டியை வைக்காதீர்கள். தண்ணீர் தெளித்து, சுருட்டி, பத்து நிமிடம் வைத்துவிட்டுத் தேயுங்கள். நடுவில் ஈரம் பரவியிருக்கும், சுருக்கம் சொன்னபடி கேட்கும். பட்டு என்றால் குறைந்த சூட்டில், மேலே ஒரு காட்டன் துணி விரித்து, உள்பக்கமாகத் தேயுங்கள். ஆண்கள் சட்டைக்கு ஒரு வரிசை இருக்கிறது. முதலில் காலர், அதுவும் இரண்டு நுனியிலிருந்தும் நடுவைப் பார்த்து. நடுவிலிருந்து நுனிக்குத் தேய்த்தால் சுருக்கமெல்லாம் நுனியில் வந்து சேரும், ஐயர் (போதகரை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம்) கண்ணுக்கு முதலில் படுகிற இடமும் அதுதான். பிறகு தோள், கை, கடைசியில் உடம்பு.

திருவல்லிக்கேணி மேன்ஷனில் ஆறு வருடம் இருந்த என் தம்பிக்கு வெள்ளைச் சட்டைதான் பெரிய சோதனை. அக்குளில் மஞ்சள் படியும். அழுக்குதான் என்று பிளீச்சிங் போட்டான், இன்னும் மஞ்சளாகிவிட்டது. பெரும்பாலும் அது வியர்வை தடுக்கும் பூச்சில் இருக்கும் அலுமினிய உப்பு வியர்வையோடு சேர்ந்து உண்டாகும் கறை. பிளீச்சிங் அதற்கு மாற்றல்ல. சமையல் சோடாவைத் தண்ணீரில் குழைத்து, கறையில் தடவி, அரைமணி நேரம் ஊறவைத்து, பழைய பல்துலக்கியால் தேய்த்துத் துவைக்க வேண்டும். பூச்சு காய்ந்தபிறகு சட்டை போட்டால் கறை குறைவாகவே வரும். சொட்டு நீலத்தை நேரே துணிமேல் விடாதீர்கள். அரை வாளித் தண்ணீருக்கு நாலைந்து சொட்டு, நன்றாகக் கலக்கி, அதற்கப்புறம் சட்டையை முக்குங்கள்.

சேலை உடுத்துகிறவர்கள் ராத்திரியே கொசுவத்தையும் முந்தானை மடிப்பையும் எடுத்து, பின் குத்தி, ஹேங்கரில் தொங்கவிட்டுவிடுங்கள். காலையில் பத்து நிமிடத்தில் உடுத்தி முடிக்கலாம். எனக்கு ஒத்தாசைக்கு ஆளில்லாத குறையைப் பாதி தீர்த்தது இந்தப் பழக்கம்தான்.

வேதப்புத்தகம், பாட்டுப் புத்தகம், காணிக்கை, கைக்குட்டை, நாலு சேஃப்டி பின், சீப்பு. இவற்றையும் ராத்திரியே பையில் போட்டு வாசல் பக்கம் வைத்துவிடுங்கள்.

நான்காம் படி: தலை, கை, வாய், பாதம்

தலைக்குக் குளிப்பது சனிக்கிழமை மதியம். ஞாயிறு காலையில் குளித்து ஈரத்தலையை அள்ளி முடிந்துகொண்டு வந்தால் பத்து மணிக்கு ஒரு வாடை வரும். பக்கத்தில் இருப்பவருக்கு அது தெரியும், நமக்குத் தெரியாது. பூ வைப்பது உங்கள் சபை வழக்கப்படி. ஆண்கள் முடிவெட்டலை வியாழனுக்கு மாற்றிக்கொள்ளுங்கள், சனிக்கிழமை சலூனில் கூட்டம். தாடி வைத்திருந்தால் கழுத்தில் குரல்வளைக்கு இரண்டு விரல் மேலே ஒரு கோடாக எடுத்துவிடுங்கள். தாடி வைப்பதும் எடுப்பதும் உங்கள் இஷ்டம். கழுத்தில் புல் முளைத்ததுபோல விடுவது மட்டும் வேண்டாம்.

கையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். திருவிருந்தில் இடக்கைமேல் வலக்கையை வைத்து ஏந்துகிறோம். ஆயர் அப்பத்தை அந்த உள்ளங்கையில்தான் வைக்கிறார். அந்த நொடியில் அவர் கண் முன்னால் நம் பத்து விரலும் இருக்கின்றன. நகத்தை வெட்டுங்கள், இடுக்கை எலுமிச்சைத் தோலால் தேய்த்துக் கழுவுங்கள். நகப்பூச்சு பாதி உரிந்திருந்தால் முழுவதும் எடுத்துவிடுங்கள். பாத்திரத்தில் பானம் பருகும் சபையென்றால் உதட்டுச்சாயத்தைப் போகும் முன்னால் கைக்குட்டையால் ஒற்றி எடுத்துவிட வேண்டும். பாத்திரத்தின் விளிம்பில் நம் உதட்டுத் தடம், அடுத்து வாய் வைக்கப்போகிறவர் ஒரு பாட்டி. ஒரே ஒருமுறை அதைக் கண்ணால் பார்த்தேன். அதிலிருந்து திருவிருந்து ஞாயிறுகளில் உதட்டுக்கு வெறும் வாஸலின்தான்.

வாய். நம்மில் நிறையப்பேர் திருவிருந்து முடியும்வரை பச்சைத்தண்ணீரோடு இருக்கிறவர்கள். வெறும் வயிற்றில் பத்து மணிக்கு வாய் நாறுவது இயல்பு. நாக்கை நன்றாக வழியுங்கள், கிளம்பும்போது தண்ணீர் குடியுங்கள், ஆராதனை முடிந்து கைகுலுக்கும் முன்னால் ஒரு ஏலக்காயை மென்றுகொள்ளுங்கள். நம்மிடம் இதை யாரும் நேரே சொல்லமாட்டார்கள். கல்யாணமானவருக்கு மனைவியோ கணவனோ சொல்லிவிடுவார். நமக்கு ஒரு நல்ல நண்பர் வேண்டும். நானும் என் தோழி ஒருத்தியும், “இருந்தா சொல்லிரு, கோவிச்சுக்க மாட்டேன்” என்று பேசி வைத்திருக்கிறோம். அவள் இரண்டுமுறை சொல்லியிருக்கிறாள். இன்னும் பேசிக்கொண்டுதான் இருக்கிறோம்.

சென்ட் விஷயத்தில் என் கருத்து கண்டிப்பானது. பாடகர் குழுவில் நெருக்கியடித்து நிற்கிறோம். இழுப்பு உள்ளவர்கள் இருப்பார்கள். அடிக்கத்தான் வேண்டுமென்றால் வீட்டிலிருந்து கிளம்ப அரைமணி நேரம் முன்னால், ஒரே ஒருமுறை.

பாதம்: செருப்பைக் கழற்றும் கோயிலில் பித்தவெடிப்பு தெரியும். சனிக்கிழமை ராத்திரி வெந்நீரில் கால் ஊறவைத்து, தேய்த்து, தேங்காயெண்ணெய் தடவிப் படுத்தால் இரண்டு மூன்று வாரத்தில் மாற்றம் தெரியும். ஷூ போடும் தம்பிமார் துவைத்த சாக்ஸ் போட்டு வாருங்கள். தயவுசெய்து.

ஐந்தாம் படி: கண்ணாடி முன் நாலு நிலை

உடுத்தி முடித்ததும் அசையாமல் நின்று பார்த்தால் எல்லாம் சரியாகத்தான் தெரியும். ஆராதனையில் நாம் அசையாமலா நிற்கிறோம்? கீழே உட்காருங்கள், முழங்கால் போடுங்கள், குனிந்து எழும்புங்கள், இரண்டு கையையும் உயர்த்துங்கள். சட்டை பேன்டை விட்டு வெளியே வருகிறதா, குர்த்தி இடுப்புக்கு மேலே ஏறுகிறதா, கொசுவம் கால்விரலில் மிதிபடுகிறதா, பட்டன் இடைவெளி விரிகிறதா என்று அப்போதே தெரிந்துவிடும். கடைசியாகப் போனை அலமாரியில் சாய்த்துவைத்து, பத்து நொடிக் கெடு வைத்துப் பின்பக்கத்தைப் படம் எடுத்துப் பாருங்கள். வீட்டில் இன்னொரு ஆள் இருந்தால் சொல்லியிருக்கக்கூடியதை அந்தப் படம் சொல்லும்.

பெரிய நாட்கள்

ஈஸ்டருக்கு முந்தின தவக்காலமான லெந்து நாட்களில் பளிச்சென்ற நிறத்தைத் தவிர்ப்பவர்கள் எங்கள் பக்கம் நிறைய. பெரிய வெள்ளி அன்று 12 முதல் 3 வரை, இயேசு சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளைத் தியானிக்கும் மும்மணி ஆராதனை. வெயில் காலம், கூட்டம், சில ஊரில் கரன்டும் போகும். வெளுத்த மெல்லிய காட்டன்தான் அன்றைக்கு. நகையும் சென்ட்டும் வேண்டாம். ஈஸ்டர் விடியற்கால ஆராதனைக்கு 3 மணிக்கு எழும்ப வேண்டியிருக்கும் என்பதால் ஒரு ஊசிகூட விடாமல் ராத்திரியே எடுத்து வையுங்கள்.

பட்டு கட்டும் நாட்கள் கிறிஸ்துமஸும் ஈஸ்டரும் கல்யாணங்களும். பட்டைப் பழைய வெள்ளைக் காட்டன் துணியில் சுற்றி வையுங்கள். நாலு மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்றி மடியுங்கள், இல்லாவிட்டால் மடித்த இடத்திலேயே இற்றுப்போகும். பாச்சை உருண்டை ஜரிகையில் படக்கூடாது.

மெழுகுவர்த்தி ஏந்தும் ஆராதனையில் உடையில் மெழுகு சொட்டுவது வருடந்தோறும் நடக்கும். சூடாக இருக்கும்போது துடைக்காதீர்கள், பரவும். வீட்டுக்கு வந்து ஐஸ்கட்டி வைத்து இறுகவிட்டு, நகத்தாலோ கரண்டிக் காம்பாலோ சுரண்டுங்கள். மிச்சக் கறைக்கு மேலும் கீழும் எழுத்து இல்லாத உறிஞ்சு தாளை வைத்து, மிதமான சூட்டில் இஸ்திரிப் பெட்டியை அழுத்துங்கள். மெழுகு தாளில் ஏறிவிடும். செய்தித்தாள் வேண்டாம், மை ஒட்டும்.

கணவரை இழந்த சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. நிறத்தையும் பூவையும் விட்டுவிட வேண்டும் என்று வேதத்தில் எங்கும் இல்லை. எங்கள் சபையில் ஒரு அக்கா, எட்டு வருடம் சாம்பல் நிறம் மட்டும் உடுத்தியவர், ஒரு அறுவடைப் பண்டிகைக்கு மாம்பழ மஞ்சள் சேலையில் வந்தார். ஐயரின் மனைவி, ஐயரம்மா, எழும்பிப்போய் அவர் கையைப் பிடித்துத் தன் பக்கத்தில் உட்காரவைத்தார்கள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

‘யாருக்காக’ என்று கேட்கிறவர்களுக்கு

விளக்கம் சொல்லத் தேவையில்லை, சண்டைக்கும் போகத் தேவையில்லை. கேட்கிறவர்களில் பாதிப்பேர் நம்மேல் உள்ள அக்கறையில்தான் கேட்கிறார்கள். பேச்சைத் திருப்ப ஒரு சின்ன வேலை கொடுத்துவிடுவது எனக்குக் கைகொடுத்திருக்கிறது.

போன கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போனபோது வாசலில் அதே சித்தி. அரக்குப் பட்டில் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு வாயைத் திறக்கப்போனார். நான் முந்திக்கொண்டு, “சித்தி, பின்னால உள்பாவாடை தெரியுதான்னு பாருங்களேன். விடுதியில பாத்துச் சொல்ல ஆளில்ல” என்று திரும்பி நின்றேன். அவர் குனிந்து சேலைக் கரையை இழுத்துவிட்டார். தோளில் சரிந்திருந்த மடிப்பை ஒதுக்கி, தன் தாலிச் சங்கிலியில் கோத்திருந்த ஊக்கை எடுத்துக் குத்தினார். “ம், இப்பப் போ. மொதப் பாட்டு ஆரம்பிச்சுட்டாங்க” என்றார்.